கல்யாண இசைக்குள் இருக்கும் கோபம்: ஜெஃப் பெர்னரும் க்ளெஸ்மர் பங்க் இசையும்

கனடாவின் வான்கூவர் நகரில் 2010 குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடப்பதற்கு முன்பே, அந்த ஊர்க்காரரான ஜெஃப் பெர்னர், துருத்தியை இழுத்து வாசிக்கும் கருவியான அக்கார்டியனை வாசித்துக்கொண்டு ஒரு பாட்டுப் பாடினார். போட்டிகளின் அதிகாரபூர்வப் பாடல் தானே என்று அது தலைப்பிலேயே அறிவித்துக்கொண்டது. தலைப்பின் மறுபாதியோ, குழந்தைகள் இறந்தாலும் இந்த விழா அதற்குத் தகும் என்றது. முதன்முறை கேட்பவர் திகைப்பது இயல்பு. பாடுபவர் உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறாரா? யூதக் கல்யாணங்களில் ஒலித்த க்ளெஸ்மர் இசைக்குப் பெயர்பெற்ற ஒருவர், பங்க் பாடகரின் தொண்டையோடு மாகாண அரசை ஏன் தாக்குகிறார்? கையில் கிட்டாருக்குப் பதிலாக அக்கார்டியன் ஏன் இருக்கிறது?

இவற்றுக்கு விடை காண, அந்த இசை பிறந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். க்ளெஸ்மருக்குப் பங்க் என்பது வெளியிலிருந்து பூசிய சாயம் என்று பலரும் கருதுகிறார்கள். வரலாற்றைப் பார்த்தால், அந்த இசையிலிருந்து இடைக்காலத்தில் துடைத்தெடுக்கப்பட்ட முரட்டுத்தனமும் வசையும் அரசியலும் பங்க் வழியாகத் திரும்பி வந்திருக்கின்றன என்றே சொல்லத் தோன்றுகிறது.

முதலில் சொற்கள்

க்ளெஸ்மர் என்ற சொல், கருவி என்று பொருள்படும் 'க்லி', பாட்டு என்று பொருள்படும் 'ஸெமர்' என்ற இரண்டு ஹீப்ருச் சொற்களின் சேர்க்கை. முதலில் அது இசைக்கருவியைக் குறித்தது. பின்னர் கருவியை வாசிப்பவரைக் குறித்தது. அந்த இசைவகைக்கே பெயராக நிலைத்தது மிகவும் பிற்காலத்தில்தான். சோவியத் உக்ரைனின் இசை ஆய்வாளர் மொய்ஸெய் பெரெகோவ்ஸ்கி 1930களில் இச்சொல்லை அந்தப் பொருளில் ஆண்டிருக்கிறார். ஆனால் பொதுமக்கள் நாவில் அது ஏறியது 1970களின் அமெரிக்க மறுமலர்ச்சிக்குப் பிறகே.

இத்திஷ் என்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டுமொழி. அடிப்படையில் ஜெர்மானிய மொழி. எழுத்து ஹீப்ரு எழுத்து. சொற்களில் ஹீப்ருவும் ஸ்லாவிய மொழிகளும் கலந்திருக்கும்.

பங்க் என்பது 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் எழுந்த ராக் இசை வகை. மூன்று கார்டு (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டம்) தெரிந்தால் போதும், பெரிய நிறுவனத்தின் தயவு வேண்டாம், குரல் இனிமையாக இருக்க வேண்டிய அவசியமில்லை, சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகவும் வேகமாகவும் சொல்லிவிட வேண்டும் என்பவை அதன் எழுதப்படாத விதிகள்.

அங்கதம் என்ற சொல்லுக்குத் தொல்காப்பியமே இலக்கணம் வகுத்து, அதைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என்று இரண்டாகப் பிரித்திருக்கிறது. முன்னது நேராக வைவது; பின்னது பழியை உள்ளே ஒளித்து வைப்பது. தொண்டைமானின் படைக்கருவிகள் பீலியணிந்து, நெய்பூசி, பளபளவென்று காவலில் இருக்கின்றன என்று ஔவையார் புகழ்ந்தது இரண்டாம் வகை. போருக்கே போகாத கருவிகள் என்பதுதான் அங்கே ஒளிந்திருக்கும் பழி. பெர்னரின் பாடல்களைப் புரிந்துகொள்ள இந்தப் பாகுபாடு கச்சிதமாக உதவுகிறது என்பதால் இதைப் பின்னரும் பயன்படுத்துவோம்.

கல்யாண வீட்டின் வசைபாடி

க்ளெஸ்மர் கலைஞர்கள் பரம்பரையாகத் தொழில் செய்தவர்கள். கல்யாணத்துக்கு அவர்கள் இல்லாமல் முடியாது. ஆனால் சமூகத்தில் அவர்களுக்கு மரியாதை குறைவு. ஊர் ஊராகத் திரிபவர்கள், குடிப்பவர்கள், ஒழுக்கம் தளர்ந்தவர்கள் என்ற பெயர் அவர்கள்மீது ஒட்டியிருந்தது. தங்களுக்குள் பேசிக்கொள்ள அவர்களிடம் ஒரு குழூஉக்குறி மொழியே இருந்தது. கூலி கொடுப்பவர் பக்கத்தில் நிற்கும்போதே அவரைப் பற்றிப் பேசிக்கொள்ள அது உதவியிருக்கும்.

அவர்களோடு மேடையைப் பகிர்ந்துகொண்டவர் பாட்கன். இந்த மனிதரை விட்டுவிட்டால் க்ளெஸ்மரின் அங்கத மரபு பிடிபடாது. பாட்கன் கல்யாண வீட்டின் ஆசுகவி, கட்டியக்காரர், கோமாளி எல்லாமாக இருந்தவர். சடங்குக்கு முன்பு மணப்பெண்ணை நடுவில் அமர்த்தி, அவளுடைய கன்னிக்காலம் முடிந்துவிட்டது என்றும், இனி வரப்போகும் பாரங்கள் இவை என்றும் எதுகை இயையப் பாடி அவளை அழவைப்பது அவருடைய முதல் கடமை. வயலின்காரர் அந்த அழுகையைக் கருவியில் வாங்கி வாசிப்பார். சடங்கு முடிந்ததும் இதே பாட்கன் சம்பந்திகளையும் ஊர்ப் பெரிய மனிதர்களையும் அந்தக் கணத்திலேயே கட்டிய செய்யுளால் கேலி செய்வார். வேத வாக்கியங்களைக் கோணலாகப் பொருத்திச் சிரிக்கவைப்பார். யார் என்ன பரிசு கொடுத்தார் என்பதைக் கூவி அறிவிப்பார். ஒரே ஆள் ஒரே நாளில் அழவும் வைக்க வேண்டும், சிரிக்கவும் வைக்க வேண்டும். வசைக்கு அங்கே உரிமம் இருந்தது.

வில்னாவை (இன்றைய லித்துவேனியாவின் வில்னியஸ்) சேர்ந்த எலியாகும் ஸுன்ஸர் என்ற புகழ்பெற்ற பாட்கன் (1836–1913) இந்தக் கலையைக் கல்யாணப் பந்தலுக்கு வெளியே கொண்டுசென்றார். சமூகக் கொடுமைகளும் யூதர்களின் துயரங்களும் அவருடைய பாடல்களுக்குப் பொருளாயின. 1889-இல் அவர் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார்.

பெர்னர் 2007-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பு ஒரு விதவை மணப்பெண்ணின் கல்யாண ஆட்டத்தைத் தலைப்பாகக் கொண்டது. மணப்பெண்ணை அழச் சொல்லும் பாட்டு ஒன்றும் அதில் உண்டு. பாட்கனைத் தெரியாதவர் அதைக் குரூரமான கற்பனை என்று நினைப்பார். தெரிந்தவர் அதில் பழைய கல்யாண வழக்கத்தைக் கேட்பார்.

தெருவுக்கு வந்த பாட்டு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ரஷ்யப் பேரரசின் யூதத் தொழிலாளர்கள் அமைப்பாகத் திரண்டார்கள். 'பண்ட்' எனப்படும் யூதத் தொழிலாளர் கட்சி 1897-இல் வில்னாவில் தோன்றியது. வேலைநிறுத்தங்களோடு பாட்டுகளும் வந்தன. 1905 புரட்சிக் காலத்தோடு சேர்த்து நினைவுகூரப்படும் 'தலோய் பொலிட்சேய்' அவற்றில் ஒன்று. தெருவெங்கும் வேலைநிறுத்தப் பேச்சே கேட்கிறது என்று தொடங்கி, போலீஸ் ஒழிக, எதேச்சாதிகாரம் ஒழிக என்று பல்லவி முழங்கும். ரஷ்யப் பேரரசரான ஸார் நிக்கொலாயின் பெயரைச் செல்லமாகச் சுருக்கி, அதையே அவமானமாக்கிப் பாடும். தொல்காப்பியர் சொல்லும் செம்பொருள் அங்கதத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

கடல் கடந்து நியூயார்க் தையல் பட்டறைகளில் உழைத்தவர்களுக்கும் பாட்டு இருந்தது. மோரிஸ் ரோஸன்ஃபெல்ட் என்ற தொழிலாளர் கவிஞர் எழுதிய 'மைன் ரூ பிளாட்ஸ்', பூக்கள் பூக்குமிடத்தில் என்னைத் தேடாதே, இயந்திரங்களுக்கிடையே உயிர்கள் வாடுமிடமே நான் இளைப்பாறும் இடம் என்று காதலியிடம் சொல்கிறது. 146 பேர் இறந்த 1911 டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீ விபத்தைப் பற்றியது இது என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அது பிழை, கவிதை விபத்துக்கு முந்தியது. விபத்தே இல்லாத சாதாரண நாட்கள் அப்படித்தான் இருந்தன என்பதால், இந்தத் திருத்தம் கவிதையின் கனத்தைக் கூட்டுகிறது.

இந்த இரண்டு பாடல்களையும் பெர்னர் 2011-இல் வெளிவந்த தம் தொகுப்பில் பாடியிருக்கிறார். போலீஸ் எதிர்ப்புப் பாட்டின் இத்திஷ் பல்லவியை வைத்துக்கொண்டு, சரணங்களை ஆங்கிலத்தில் இக்காலக் காவல்துறையை நோக்கித் திருப்பிவிட்டார்.

துடைத்தெடுக்கப்பட்ட இசை

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு இத்திஷ் பேசியவர்கள் ஒரு கோடிக்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது. நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களில் பெரும்பான்மையோரின் தாய்மொழி அதுவே. மொழியோடு அந்தக் கல்யாணங்களும், அவற்றை நடத்திய ஊர்களும், வாசித்த குடும்பங்களும் அழிந்தன. அமெரிக்காவில் நஃப்டூலே பிராண்ட்வைன், டேவ் தாராஸ் போன்ற கிளாரினெட் மேதைகள் இசைத்தட்டுகளை விட்டுச் சென்றிருந்தாலும், அடுத்த தலைமுறை ஜாஸுக்கும் ராக்குக்கும் போய்விட்டது.

1970களின் நடுவில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு குழுவும், பின்னர் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் சில இளைஞர்களும் பழைய இசைத்தட்டுகளைத் தேடிக் கேட்டு வாசிக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் மறுமலர்ச்சி பரவப் பரவ ஒரு திரிபும் கூடவே வளர்ந்தது. இசை இழப்பின் சின்னமாயிற்று, எனவே புனிதமாயிற்று. ஜெர்மனியில் இது மிகக் கூர்மையாக நடந்தது. 1984-இல் பெர்லினில் அரங்கேறிய, வில்னா யூதர்களைப் பற்றிய நாடகமொன்றில் கிளாரினெட் வாசித்த கியோரா ஃபைட்மன் அங்கே பெரும்புகழ் பெற்றார். தொடர்ந்து யூதரல்லாத ஜெர்மானியர்கள் நூற்றுக்கணக்கில் க்ளெஸ்மர் கற்றார்கள். அவர்களுடைய நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் கண்ணீரோடும் மரியாதையோடும் மட்டுமே அணுகப்படும் இசையில் பாட்கனுக்கு இடமில்லை, குடிகாரனுக்கும் இடமில்லை, ஸாரை வைபவனுக்கும் இடமில்லை. கொல்லப்பட்டவர்கள் சண்டைக்காரர்களாகவும் குறும்புக்காரர்களாகவும் வாழ்ந்தவர்கள் என்பதை இந்த மரியாதையே மறைத்துவிடுகிறது.

ஏன் அக்கார்டியன்?

சிரில் டெமியன் என்பவர் 1829-இல் வியன்னாவில் இக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். க்ளெஸ்மரின் மூத்த கருவி வயலின். கிளாரினெட்கூட அதற்குப் பின்னால் வந்ததுதான். அக்கார்டியன் இன்னும் பிந்தியது. ஆயினும் அங்கதப் பாடகருக்கு இதைப் போல் பொருந்தும் கருவி வேறில்லை.

1. வாய் ஓய்வாக இருக்கிறது. கிளாரினெட்டோ புல்லாங்குழலோ வாசிப்பவரால் பாட முடியாது. அக்கார்டியன்காரர் துருத்தியை இழுத்துக்கொண்டே பாடலாம், திட்டலாம், நடுவில் நிறுத்திக் கதை சொல்லலாம்.

2. ஒரு கருவியே ஒரு குழு. முழு அளவு பியானோ அக்கார்டியனில் வலக்கைக்கு 41 கட்டைகளும் இடக்கைக்கு 120 பொத்தான்களும் உண்டு. இடக்கைப் பொத்தான்களில் ஒரு வரிசை மந்தர ஒலியைத் தரும்; இன்னொரு வரிசையில் ஒரே பொத்தானை அழுத்தினால் முழுக் கார்டு ஒலிக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி அடித்தால் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் செய்யும் வேலை பெருமளவு முடிந்துவிடும்.

3. மின்சாரம் வேண்டாம். ஹார்மோனியத்தைப் போலவே இதிலும் காற்று உலோக ரீடுகளை அதிரவைக்கிறது. ஆனால் தோளில் மாட்டிக்கொண்டு மதுக்கடையின் இரைச்சலுக்கு மேல் கேட்கும்படி வாசிக்கலாம். தெரு ஊர்வலத்துக்கும் எடுத்துச் செல்லலாம்.

4. விம்மல் வரும். க்ளெஸ்மரில் 'க்ரெக்ட்ஸ்' எனப்படும் அசைவு உண்டு. சுரம் முடியும் தருவாயில் தொண்டை அடைப்பதுபோல் சட்டென்று நறுக்குவது அது. கட்டையைத் தட்டி விடுவதிலும் துருத்தியைப் பிடித்து நிறுத்துவதிலும் அக்கார்டியன் அதை நன்றாகப் பாவனை செய்கிறது.

பங்க் எங்கே ஒட்டுகிறது?

க்ளெஸ்மரில் மிகுதியாகக் கேட்கும் பண் 'ஃப்ரைகிஷ்'. அதன் சுர வரிசை கர்நாடக இசையின் 14-ஆம் மேளமான வகுளாபரணத்தின் சுர வரிசையே. மாயாமாளவகௌளையில் நிஷாதத்தை மட்டும் கைசிகியாக மாற்றினால் கிடைப்பது. சுரங்கள் ஒன்றே தவிர, அசைவுகளும் சஞ்சாரமும் முற்றிலும் வேறு. இப்பண்ணை 'டி' சுருதியில் வாசித்தால், டி மேஜர், ஜி மைனர், சி மைனர் என்ற மூன்று கார்டுகளிலேயே பெரும்பாலான ஆட்ட மெட்டுகள் அடங்கிவிடும். மூன்று கார்டு போதும் என்ற பங்க் விதியோடு இது இயல்பாகவே சேர்ந்துகொள்கிறது.

தாளத்திலும் முரண்பாடு இல்லை. 'ஃப்ரைலக்ஸ்' என்ற கல்யாண ஆட்டம் இரட்டை எண்ணிக்கையில் போவது. 'புல்கர்' என்ற ஆட்டத்தில் எட்டு எண்ணிக்கை மூன்று, மூன்று, இரண்டு என்று உடைந்து உந்தும். இரண்டுமே கூட்டம் கைகோத்து மூச்சுவாங்க ஆடுவதற்காகப் பிறந்தவை. வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, வயலினைச் சுத்தமாக வாசிக்க வேண்டும் என்ற கவலையை விட்டுவிட்டால் பங்க் வாசலில் நிற்போம்.

வழியும் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. 1980களில் லண்டனின் 'த போக்ஸ்' குழு ஐரிஷ் நாட்டுப்பாடல்களை அக்கார்டியன் சகிதம் பங்க் வேகத்தில் பாடியது. 1999-இல் நியூயார்க்கில் உக்ரைனியரான யூஜின் ஹூட்ஸ் தொடங்கிய 'கோகோல் பொர்தெல்லோ' கிழக்கு ஐரோப்பிய மெட்டுகளை அதே வழியில் கொண்டுவந்தது. பெர்னர் அதற்கு முன்பே வான்கூவரில் அக்கார்டியனோடு ஒரு பங்க் குழுவில் இருந்தவர். பிறகு தனித்துப் பாட வந்தபோது, க்ளெஸ்மரைத் தூக்கிவந்து ஒட்டாமல், ருமேனியாவுக்குப் போய் முதிய கலைஞர்களிடம் கேட்டுக் கற்றார். யூதர்கள் இல்லாமற்போன ஊர்களில் அவர்களுடைய மெட்டுகளை, ஜிப்சிகள் என்று பிறரால் அழைக்கப்பட்ட ரோமா மக்களின் இசைக்குடும்பங்கள் நினைவில் வைத்திருந்தன என்பது இந்த வரலாற்றில் என்னை மிகவும் நெகிழவைக்கும் செய்தி. வயலின்காரர் டயோனா டேவிஸ், தாளக் கலைஞர் வேன் ஆடம்ஸ் ஆகியோருடன் பெர்னர் 2005 முதல் 2008 வரை வெளியிட்ட மூன்று தொகுப்புகளில் இந்தக் கல்வி கேட்கிறது.

ஒலிம்பிக் பாட்டு: பழிகரப்பு வேலை செய்யும் விதம்

தொடக்கத்தில் சொன்ன பாட்டுக்குத் திரும்புவோம். பின்னணி இதுதான்:

1. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2001-இல் பதவிக்கு வந்த அரசு செலவுக் குறைப்பில் இறங்கியது. குழந்தைகளின் மரணங்களை ஆராய்ந்துவந்த தனி ஆணையம் 2002-இல் மூடப்பட்டது. அந்தப் பணி மரண விசாரணை அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது.

2. 2003 ஜூலையில் பிராக் நகரில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு 2010 போட்டிகளை வான்கூவருக்கு வழங்கியது. பெருஞ்செலவு தொடங்கியது.

3. 700-க்கும் மேற்பட்ட குழந்தை மரணக் கோப்புகள் ஆராயப்படாமல் கிடந்தது 2005-இல் வெளியே வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி டெட் ஹியூஸ் 2006-இல் அளித்த அறிக்கை, குழந்தைகள் நல அமைப்பு செலவுக் குறைப்பாலும் ஓயாத மாற்றங்களாலும் தடுமாறியதைக் கண்டித்தது.

நேரடியாகப் பாடியிருந்தால், 'விளையாட்டுக்குப் பணம் இருக்கிறது, குழந்தைகளுக்கு இல்லையா' என்று அரசைக் கேட்டிருப்பார். அதைத் தலையங்கங்களும் கேட்கலாம். பெர்னர் அரசின் குரலையே தம் வாயில் எடுத்துக்கொண்டார். வரவு செலவுத் திட்டம் சொல்லாமல் செய்த கணக்கை, அதாவது இதற்குப் பணம் உண்டு அதற்கு இல்லை என்ற முடிவை, ஒரு கொண்டாட்டப் பாட்டின் மகிழ்ச்சியோடு உரக்கச் சொன்னார். சேர்ந்து பாடும்படி மெட்டு அழைக்கும். சேர்ந்து பாடுகிறவர், தம் வாயிலிருந்து வரும் சொற்கள் என்னவென்று உணரும்போது கூசிப்போவார். புகழ்ச்சியின் தோலுக்குள் பழி இருக்கிறது; தொண்டைமானின் பளபளக்கும் வேல்களைப் போல.

'அதிகாரபூர்வம்' என்ற சொல்லும் தற்செயலானதன்று. ஒலிம்பிக் தொடர்பான பெயர்களையும் சின்னங்களையும் வணிக நோக்கில் பிறர் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்த 2007-இல் கனடா ஒரு சட்டத்தையே இயற்றியது. எந்தச் சொல் யாருக்குச் சொந்தம் என்ற சச்சரவு நடந்த நாடு அது.

பெர்லினில் ஒரு மறுமொழி

டெட்ராய்ட்டில் வளர்ந்து 2005-இல் பெர்லினுக்குக் குடியேறிய டேனியல் கான், 'பெயிண்டட் பேர்ட்' குழுவின் பாடகர், அவரும் அக்கார்டியன்காரர். இத்திஷ், ஜெர்மன், ஆங்கிலம், ரஷ்யன் என்று மொழி மாறி மாறிப் பாடுவார். பார்வையாளர் கதையில் கரைந்துவிடாமல் விலகி நின்று சிந்திக்க வேண்டும் என்ற ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்டின் கோட்பாட்டை க்ளெஸ்மரோடு இணைத்துத் தம் இசைக்கு ஒரு பெயரும் சூட்டியிருக்கிறார். போருக்குப் பின் பழிவாங்கத் திட்டமிட்ட யூதப் போராளிகளைப் பற்றி அவர் ஆட்ட மெட்டில் பாடும்போது, ஆறுதல் தேடி வந்த ஜெர்மானியக் கேட்பாளர் எங்கே கைதட்டுவது என்று தெரியாமல் தவிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தவிப்புக்காகவே பாட்டு கட்டப்பட்டிருக்கிறது. பெர்னரின் இலக்கு பெரும்பாலும் ஆட்சியாளர்கள். கானின் இலக்கு சில வேளைகளில் எதிரே அமர்ந்திருக்கும் நல்லெண்ணக்காரர்கள்.

இந்த வகை அங்கதத்துக்கு ஆபத்தும் உண்டு. யூதர் தம்மைத் தாமே கேலி செய்யும் வரியை யூத வெறுப்பாளன் தனக்குச் சாதகமாகக் கேட்கக்கூடும். பழிகரப்பு அங்கதம் கேட்பவரின் அறிவை நம்பி நிற்பது. அந்த நம்பிக்கை பொய்த்தால் புகழ்ச்சி மட்டுமே மிஞ்சும். ஒலிம்பிக் பாட்டின் நிலையும் இதுவே. கோப்புகளின் கதை நினைவிலிருந்தவரை அது விளக்கமில்லாமலே சுட்டது. இன்று வான்கூவருக்கு வெளியே ஒருவர் அதைக் கேட்டால், மேலே எழுதிய மூன்று குறிப்புகளும் அவருக்கு வேண்டியிருக்கின்றன.

செம்பொருளாகப் பாடிய பழைய பாட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. 'தலோய்' என்பது 'ஒழிக' என்று பொருள்படும் ரஷ்யச் சொல். அதை எடுத்தாண்ட பாட்டு இத்திஷ். 2011-இல் பெர்னர் சேர்த்த சரணங்கள் ஆங்கிலம். இத்திஷ் ஒரு சொல்லும் அறியாதவர்கூடப் பல்லவியின் இரண்டு சொற்களைச் சேர்ந்து பாடிவிடலாம். நிக்கொலாயின் பெயர் இருந்த இடத்தில் தம் ஊர்ப் பெயரை வைத்துக்கொள்ளலாம்.